தேயாத கத்திகள்

கத்தி சேகரிப்பவர்கள் மத்தியில் ஒரு வேதவாக்கு உண்டு. ‘விற்ற கத்திக்காக வருந்தாதவன் கிடையாது, வாங்கிய கத்திக்காக வருந்தியவனும் கிடையாது.’ இதை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் அந்த நேரத்தில் என்னிடம் 30,000 ரூபாய்க்கு ஒரு கத்தியை விற்றுக்கொண்டிருந்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

2023ல் என்னிடமிருந்த 31 கத்திகளையும் விற்றுவிட்டேன். அதற்குப் பிறகு பழைய சகாக்கள் யாரைப் பார்த்தாலும் துக்கம் விசாரிக்கிற குரலில் ஒரே கேள்விதான். “எல்லாத்தையுமா குடுத்துட்ட? வருத்தமா இல்லையா?” ஒருவர் சாபமே விட்டார். “ஒருநாள் நடுராத்திரி எந்திரிச்சு அலமாரியத் தொறந்து தேடுவ பாரு.”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்றதற்கு வருத்தமில்லை. அந்தக் கேள்வியே ஒரு ஏமாற்று என்பது என் கட்சி. சேகரிப்பவன் தன்னை வேறொரு வருத்தத்திலிருந்து மறைத்துக்கொள்ள இந்த வருத்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான். நான் ஒன்பது வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

*

ஆரம்பம் யோக்கியமாகத்தான் இருந்தது. 2014ல் வேலை நிமித்தமாக ஆறு மாதம் பிரான்சின் லியோன் நகரத்தில் இருந்தேன். பழம் நறுக்க ஒரு கத்தி வேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் பத்து யூரோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ கொடுத்து ஒரு ‘ஓபினெல்’ வாங்கினேன். எட்டாம் நம்பர். மரப்பிடி, மடக்கும் தகடு, திறந்த பிறகு மடங்காமலிருக்கத் திருகுகிற ஒரு வளையம். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும். 1890ல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்ற இளைஞர் வடிவமைத்தது. அந்த வளையம் மட்டும் 1955ல் சேர்ந்தது. விவசாயிகள் பையில் போட்டுக்கொண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்கிய கத்தி. நானும் அதைத்தான் செய்தேன். ஆப்பிள், வெங்காயம், பார்சல் கயிறு, ஒருமுறை செருப்பு வார்.

பெங்களூர் திரும்பிய பிறகுதான் கெட்டேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஸ்பெக் ஷீட் ஒன்றைக் காட்டினால் போதும், வாழ்க்கையைக் கொடுத்துவிடுவோம். கத்தி உலகம் முழுக்க ஸ்பெக் ஷீட். விஜி-10, எஸ்30வி, எம்390 என்று எஃகு வகைகள். ஒவ்வொன்றிலும் கார்பன் எத்தனை சதவீதம், வனேடியம் எத்தனை சதவீதம், ராக்வெல் கடினம் 58ஆ 62ஆ. ஜப்பானின் யசுகி எஃகில் வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று இரண்டு வகை இருப்பதும், ஆலையில் சுற்றித் தரும் காகிதத்தின் நிறத்தால்தான் அந்தப் பெயர் வந்தது என்பதும் தெரிந்த அன்று, ஏதோ உபநிஷத ரகசியம் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த ராத்திரி தூங்கவில்லை. காலையில் ஒன்று ஆர்டர் போட்டேன்.

உண்மை என்னவென்றால், நான் சமையல்காரன் இல்லை. வேட்டைக்காரன் இல்லை. என் ஒருநாள் வாழ்க்கையில் வெட்ட வேண்டிய பொருட்கள் இரண்டு. தக்காளி, அமேசான் பார்சல்.

*

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் கிறிஸ் ரீவ் என்பவர் தொடங்கிய பட்டறையிலிருந்து ‘செபென்சா’ என்று ஒரு மடக்குக் கத்தி வருகிறது. 1990ஐ ஒட்டி அறிமுகமானது. டைட்டானியக் கைப்பிடி, அபாரமான துல்லியம், விலையும் அப்படியே. ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து போனவர். ‘செபென்சா’ என்பது ஜூலு மொழிச் சொல். பொருள்: வேலை.

இதை வாங்குகிறவர்களில் ஒரு கூட்டம் அதை வைத்து ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட நறுக்காது. கீறல் விழுந்தால் மறுவிற்பனை விலை போய்விடும். அப்படிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் கத்திக்கு எங்கள் பாஷையில் ‘சேஃப் குயின்’ என்று பெயர். இரும்புப் பெட்டிக்குள் வீற்றிருக்கும் மகாராணி. ‘வேலை’ என்று பெயர் வைத்த ஒன்றை வேலையே செய்யவிடாமல் அடைத்துவைத்து, அதைக் காதல் என்று சொல்லிக்கொள்கிறோம். என்னிடமும் ஒன்று இருந்தது. வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே நாலு வருடம் கழித்து விற்றேன். விளம்பரத்தில் பெருமையாகப் போட்டேன்: ‘எதையும் வெட்டியதில்லை’. இதைவிடக் கேவலமான சான்றிதழை ஒரு கத்திக்குக் கொடுக்க முடியுமா?

இங்கேதான் என் வாதத்தின் மையம். புத்தகம் படித்தால் குறையாது. பாட்டு கேட்டால் குறையாது. கத்தி வேலை செய்தால் குறையும். வெட்ட வெட்ட முனை மழுங்கும். மழுங்கினால் கல்லில் தேய்க்க வேண்டும். தேய்ப்பது என்றால் கொஞ்சம் எஃகை எடுத்துவிடுவது. வேறு வழியே கிடையாது. கூர்மை என்பது கத்தியின் உடம்பிலிருந்து எடுத்துத்தான் வருகிறது. ஜப்பானில் மீன் சீவும் சமையல்காரர்களின் ‘யனகிபா’ கத்திகள் வருடக்கணக்கான சாணையில் மெலிந்து, நீளம் குறைந்து, வேறொரு கத்தி மாதிரியே ஆகிவிடும். எங்க ஆச்சியின் அரிவாள்மனையும் அப்படித்தான். ஒரு காலத்தில் அகலமாக இருந்திருக்க வேண்டிய அலகு, நான் பார்க்கும்போது மூன்றாம்பிறை மாதிரி இருந்தது. தெருவில் “சாணை பிடிக்கிறதேய்” என்று சைக்கிள் வரும்போதெல்லாம் அதில் கொஞ்சம் பொறியாகப் பறந்து போனது. மிச்சத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

சேகரிப்பவன் இந்தத் தேய்மானத்தைத்தான் தடுக்கிறான். அதனால் அவனிடம் இருப்பது கத்தி வடிவத்தில் ஒரு பொருள், அவ்வளவே. நம்முடைய ஆயுத விதிகளே இதில் தெளிவாக இருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்துவிட்டு, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்குக் கொடுக்கின்றன. விதி எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது, கத்தியைப் பற்றிக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ‘இது எதுக்கு?’ என்பதுதான் என்று. எங்கள் 80 பேர் வாட்ஸப் குழுவில் ஒன்பது வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

*

‘கலைப்பா, நுணுக்கம்பா, வரலாறுப்பா’ என்பார்கள். சரி, வரலாற்றுக்கே வருவோம்.

1876ல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. வாள் கொல்லர்கள் பலர் சமையல் கத்தி, விவசாயக் கருவிகள் பக்கம் திரும்பினார்கள். சாகாய் போன்ற ஊர்களில் சமையல் கத்தித் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. இன்றும் அங்கே அடித்து உருவாக்குபவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி மாட்டுபவர் இன்னொருவர். அதாவது இடுப்பில் அந்தஸ்தாகத் தொங்கிய எஃகு, அடுப்படிக்கு இறங்கி வந்து முள்ளங்கி நறுக்கியது. எனக்கு இது பெரிய விஷயம். நாங்கள் என்ன செய்தோம்? அந்த முள்ளங்கி நறுக்கும் கத்தியை 28,000 ரூபாய் கொடுத்து வாங்கி, மரப்பெட்டியில் வைத்து, திரும்பவும் வாளாக்கிவிட்டோம்.

நம்மூர்க் கதை இதைவிட மோசம். ‘டமாஸ்கஸ் எஃகு தமிழனுடையது’ என்று மார்தட்டாத தமிழ்ச் சேகரிப்பாளரை நான் பார்த்ததில்லை. அதில் உண்மை இருக்கிறது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த எஃகு மேற்காசியா வரை போனது. அங்கே அதைக் கொண்டு அலையலையான வரிகள் ஓடும் வாள்கள் செய்தார்கள். ‘வூட்ஸ்’ என்று ஐரோப்பியர்கள் அழைத்த அந்த எஃகை 1819ல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்திருக்கிறார். கொடுமணல், மேல்சிறுவளூர் என்று தடயங்கள் இருக்கின்றன. பெருமைப்படலாம்.

ஆனால் நம் ஆட்கள் அந்தப் பெருமையோடு வாங்குவது எதை? இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக வைத்து அடித்து ஒட்டி, அமிலத்தில் முக்கி, கோலம் வரவைத்த தகடு. அதற்கும் வூட்ஸுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மோரன் என்ற கொல்லர் 1973ல் அப்படிப்பட்ட கத்திகளைக் கண்காட்சியில் வைத்ததிலிருந்து பிடித்த மோகம் இது. நானும் மூன்று வைத்திருந்தேன். பூர்வீகச் சொத்து மாதிரி எல்லோரிடமும் காட்டினேன். இதற்கிடையில் இங்கே திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பேரைச் சொன்னால் தமிழ்நாடே அறியும். எங்கள் குழுவில் ஒருவரிடமும் ஒரு திருப்பாச்சேத்தி அரிவாள் இருந்ததில்லை. என்னிடமும்தான். தேங்காய் வெட்டுகிற பொருளுக்கு ஸ்பெக் ஷீட் இல்லையே.

*

‘முதலீடு’ என்றும் ஒரு வாதம் உண்டு. பொறியியல் படித்தவன், எக்செல் வைத்திருந்தேன். ஒன்பது வருடத்தில் கத்திகளுக்காக 6,80,000 ரூபாய், சுங்க வரி உட்பட. எட்டு மாதத்தில் எல்லாவற்றையும் விற்றுக் கிடைத்தது 4,10,000. அதே பணத்தை போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு காலம் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் அதை அழித்துவிட்டேன்.

ஏன் விற்றேன்? தத்துவம் எதுவுமில்லை. 2023 பிப்ரவரியில் ஒரு காலை லேப்டாப் என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தனி மின்னஞ்சலுக்குக் கடிதம் வந்தது. வீட்டுக் கடன் தவணை ஐந்தாம் தேதி. அலமாரியைத் திறந்தேன். தவணைகள் வரிசையாகப் பெட்டிகளில் படுத்திருந்தன.

வாங்கியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். செபென்சாவை வாங்கியவர் என்னைப் போலவே ஐடிக்காரர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தார். அது இன்னொரு பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஜப்பானியச் சமையல் கத்தி ஒன்றை வாங்கியவர் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் பையன். மூன்று தவணையாகப் பணம் அனுப்பினார். ஆறு மாதம் கழித்து ஒரு போட்டோ வந்தது. தகடு முழுக்கச் சாம்பலும் நீலமுமாகக் கறை ஏறி, முனைப்பக்கம் ஒரு நூல் குறைந்து, பிடி எண்ணெயில் கறுத்திருந்தது. “அண்ணா, ஒரு நாளைக்கு பதினஞ்சு கிலோ வெங்காயம் வெட்றேன், சும்மா வெண்ணெய் மாதிரி போகுது.” எட்டு வருடம் என்னிடம் இருந்தபோது அந்தக் கத்தி அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

*

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ‘எங்களை மாதிரி ஆட்கள் வாங்காவிட்டால் கையால் கத்தி செய்கிறவன் எப்படிப் பிழைப்பான்?’ இது வலுவான கேள்வி. தனிக் கொல்லர்கள் பலர் சேகரிப்பாளர்களின் காசில்தான் உலை மூட்டுகிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். வாங்குங்கள். நான் வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கி வெட்டுங்கள் என்கிறேன். ஒரு கொல்லனுக்கு அவன் கத்தி பத்து வருடத்தில் தேய்ந்து இன்னொன்று கேட்டு வருகிற வாடிக்கையாளரைவிடப் பெரிய மரியாதை எது?

இன்னொரு பக்கம் மினிமலிஸ்டுகள். நான் விற்றதைக் கேட்டதும் அவர்கள் கை கொடுத்தார்கள். மாரி கோண்டோ சொன்னபடி ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து ‘இது மகிழ்ச்சி தருகிறதா’ என்று கேட்டாயா என்றார்கள். அய்யா, பிரச்சினையே அதுதான். 31ம் மகிழ்ச்சி தந்தன. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தந்தன. வெட்டாத கத்தி தருகிற மகிழ்ச்சி மாதிரி சுத்தமான மகிழ்ச்சியே கிடையாது, ஏனென்றால் அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி மகிழ்ச்சி அல்ல. இது என்னிடம் வந்து கொஞ்சமாவது தேய்ந்ததா?

இதைப் படித்துவிட்டு ‘பணக்காரப் பைத்தியங்கள்’ என்று சிரிக்கிற இலக்கிய நண்பர்களே, கொஞ்சம் திரும்பி உங்கள் அலமாரியைப் பாருங்கள். புத்தகக் கண்காட்சியில் வாங்கி, அட்டையைப் போட்டோ எடுத்துப் போட்ட அந்தத் தொகுதிகள், முதுகு மடங்காமல் நிற்கின்றனவே. புத்தகம் குறையாது என்று மேலே சொன்னேன். புத்தகத்தின் விஷயத்தில் குறைய வேண்டியது நாம். படித்தால் நம்மில் ஏதோ கொஞ்சம் தேய வேண்டும். அதற்குப் பயந்துதான் அடுக்கிவைக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். என் அலமாரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

இப்போது வேறிடத்தில் இருக்கும் வருத்தத்துக்கு வருகிறேன்.

2018ல் அம்மா கோவில்பட்டியிலிருந்து என்னோடு ஒரு மாதம் இருக்க வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கி எழுந்து வந்தபோது அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். வஞ்சிரம். வெட்டுப்பலகையில் மீனின் தலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் என் 28,000 ரூபாய் கத்தி. என் வீட்டில் அரிவாள்மனை இல்லை. இருந்த சமையல் கத்தி தக்காளிக்கே திணறும். அலமாரியில் ஒரு மரப்பெட்டியில் நல்ல கத்தி இருப்பதைப் பார்த்திருக்கிறார். எடுத்திருக்கிறார். எந்த ஊர் அம்மாவும் அதைத்தான் செய்வார்.

ராக்வெல் 62க்கு மேல் போகிற எஃகு கண்ணாடி மாதிரி. கூர் நிற்கும், ஆனால் எலும்பில் பட்டால் பொரிந்துவிடும். மூன்று இடத்தில் பல் விழுந்திருந்தது. மேலே எலுமிச்சைச் சாறு பட்டுத் துருப்பொட்டு பூக்க ஆரம்பித்திருந்தது. நான் அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினேன். “இது என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?” என்று கத்தினேன். இன்னும் சில வார்த்தைகளும். அவற்றை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “கத்திதானடா?” என்றார். கேட்டதில் கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். மீனைக் கையாலேயே பிய்த்துக் குழம்பு வைத்தார். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அடுத்த முறை வரும்போது அவர் பையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி. 40 ரூபாய் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, திரும்பச் செய்தித்தாளில் சுற்றி, தன் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போனார். அதற்கடுத்த முறையும் கொண்டுவந்தார். தன் மகன் வீட்டுக்குப் போகும்போது ஒரு தாய் சொந்தக் கத்தியை எடுத்துப் போகிறார். என் சேகரிப்பு எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இதுதான். எக்செல்லில் இதற்கு வரிசை கிடையாது.

அந்தக் கத்தியைத்தான் கோயம்புத்தூர்ப் பையனுக்கு விற்றேன். பல் விழுந்த இடங்களைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்துதான் கொடுத்தேன், விலையும் குறைத்தேன். அது ஒன்றுதான் என்னிடமிருந்து போவதற்கு முன்பே கொஞ்சம் தேய்ந்த ஜப்பானியக் கத்தி. தேய்த்தவர் அம்மா.

நடுராத்திரி எழுந்து தேடுவாய் என்று சாபம் விட்டாரே அந்த நண்பர், அது பலித்தது. ஒருமுறை தேடினேன். செபென்சாவை அல்ல, டமாஸ்கஸை அல்ல. பத்து யூரோ ஓபினெல்லை. ஒரு மாம்பழம் இருந்தது, கை தானாக அலமாரிக்குப் போனது. அதை வேறொரு கத்தி வாங்கியவருக்கு இலவச இணைப்பாகக் கொடுத்திருந்தேன், கறை பிடித்திருந்ததால் விலை போகாது என்று. அந்த ஒன்றுக்காகக் கொஞ்சம் வருந்தினேன். ஆறு வருடம் பழகிய கை வருந்தத்தானே செய்யும். மற்ற 30க்கும் என் கை எங்கேயும் போகவில்லை. அவற்றை என் கைக்கே தெரியாது.

கத்திகளை விற்றேனே தவிர சாணைக்கல்லை விற்கவில்லை. ஆயிரம் கிரிட் கல், நடுவில் கொஞ்சம் குழிந்தது. போன மாதம் அம்மா வந்திருந்தார். இப்போது வீட்டில் ஒரே ஒரு கத்தி, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வெட்டலாம் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆனாலும் செய்தித்தாள் பொட்டலம் வந்துவிட்டது. அவர் குளிக்கப் போயிருந்தபோது அதைப் பிரித்து, கல்லை நனைத்து, அந்த மஞ்சள் பிடிக் கத்தியைத் தேய்க்க உட்கார்ந்தேன். மட்டமான எஃகு, கல்லில் சட்டென்று கரைகிறது. பாதியில் அம்மா வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

“ரொம்பக் கூராக்கிடாதடா. எனக்குக் கை பழகுனது வேற.”

சரிம்மா என்றேன்.